மருந்தின் நான்காங் கூறு

நோயைப் பற்றிப் பேசும் நூல்கள் பல. நோயாளியைப் பற்றிப் பேசும் நூல்கள் சில. நோயாளியின் பாயருகே இராப்பகலாக இருப்பவரைப் பற்றிப் பேசும் நூல்களோ மிகச் சிலவே. திருவள்ளுவர் இம்மூன்றாந் திறத்தாரை மறந்தாரல்லர். திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' என்பதில் ஆறு குறட்பாக்கள் உண்ணும் முறையைக் கூறுகின்றன. அதன்பின் நோயின் காரணத்தை நாடும் முறையும், மருத்துவன் கருத வேண்டிய அளவுகளும் சொல்லப்படுகின்றன. அதிகாரத்தின் இறுதியில் நிற்கும் 950ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து முடிக்கின்றது. நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அம்மருந்தை அருகிருந்து ஊட்டிப் பேணுபவன் நான்காங் கூறு. இந்நான்காமவனை 'உழைச்செல்வான்' என்னும் சொல்லாற் குறிக்கின்றார் ஆசிரியர். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தை விட்டு அகலாதவன் என்பது கருத்து.

இக்குறளை விளக்கியோர் உழைச்செல்வான் செய்ய வேண்டுவன எவை என்று கூறினர். அவனுக்குச் செய்ய வேண்டுவன எவை என்று கூறினாரல்லர். இவ்விடைவெளியை ஓர் உரைக்குறையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. முதியோரையும் நோயாளரையும் இல்லத்தில் வைத்துப் பேணும் தமிழ்ச் சமுதாயத்தில் நெடுங்காலமாக நிலைத்துவிட்ட ஒரு மறதி அவ்விடைவெளியிலே தெரிகின்றது. பேணுவாரைப் புகழும் நூல்கள் உண்டு. பேணுவாரைப் பேணுதல் பற்றிய சிந்தனை அரிது. அம்மறதியின் இயல்பு யாது, அதனை நீக்குதற்குத் தமிழிலக்கியமே காட்டும் வழி யாது என்பன ஈண்டு ஆராயத்தக்கன.

முதற்கண் உரையை நோக்குவோம் எனின், பரிமேலழகர் நான்கு கூற்றிற்கும் தனித்தனி நந்நான்கு பண்பு வகுத்துப் பதினாறாகக் காட்டுகின்றார். நோயாளியைப் பேணுவானுக்கு அவர் கூறும் பண்புகள், நோயாளிபால் அன்புடைமையும், மனம் மொழி மெய்களின் தூய்மையும், மருத்துவன் சொல்லியவற்றை வழுவாது செய்யும் வன்மையும், அறிவுடைமையும் ஆம். இப்பகுப்பு வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையின் பகுப்போடு பெரிதும் ஒத்தது. அந்நூலும் மருத்துவன், மருந்து, பணிவிடையாளன், நோயாளி எனக் கால்கள் நான்கு கூறி, ஒவ்வொன்றற்கும் நான்கு குணங் கூறும். பணிவிடையாளனுக்கு அது கூறுவன, பேணும் முறையறிதல், செயற்றிறமை, அன்பு, தூய்மை என்பன.

இரண்டனையும் ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேறுபாடு புலனாகும். வடநூலில் முறையறிதல் முன்னிற்க, அன்பு மூன்றாம் இடத்தில் நிற்கின்றது. அவ்வன்பும் தலைவன்மேல் வைக்கும் அன்பாகவே சொல்லப்படுகின்றது. ஆகவே, அங்கே பேணுபவன் ஊதியம் பெறும் ஏவலாளன் என்பது தெளிவு. பரிமேலழகரிடத்திலோ அன்பு முதலிடம் பெறுகின்றது. அதுவும் தலைவன்மாட்டன்றி நோயாளிமாட்டுச் செல்லும் அன்பாக மாறுகின்றது. ஏவலாளன் இருந்த இடத்தில் உறவினர் ஒருவரை வைத்துப் பார்க்க இவ்வுரை இடந்தருகின்றது. இம்மாற்றம் போற்றத்தக்கதே. ஆயினும் இதனால் வந்த இழப்பும் ஒன்று உண்டு. கூலி பெறும் ஏவலாளனுக்கு வேலைக்கும் ஓய்வுக்கும் ஓர் எல்லை வகுக்கலாம். அன்பினாற் பணிசெய்யும் மனைவிக்கும் மகளுக்கும் எல்லை யாது? அன்பு முதலிடம் பெற்றபோது எல்லை மறைந்துபோயிற்று.

எண்ணிக்கையும் மறைந்தது. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்துப் பதினைந்தாம் அதிகாரம், செல்வர்க்குரிய மருத்துவ மனையொன்றை அமைக்கும் முறையைக் கூறுகின்றது. சோறு சமைப்பவர், குளிப்பாட்டுபவர், உடம்பு பிடிப்பவர், நோயாளியைத் தூக்கி எழுப்பவும் படுக்கவைக்கவும் வல்லவர், மருந்து அரைப்பவர், பாட்டாலும் கதையாலும் மனத்தை மகிழ்விப்பவர் எனப் பலர் அங்கே வேண்டப்படுகின்றனர். இத்தனை பேரும் சேர்ந்து செய்த பணியை இன்று ஒரு வீட்டில் ஒருத்தி செய்கின்றாள். விடியுமுன் எழுந்து கஞ்சி காய்ச்சுபவளும் அவளே. நோயாளியைத் துடைத்துத் துணி மாற்றுபவளும் அவளே. மாத்திரையை எண்ணிக் கொடுப்பவளும், நள்ளிரவில் நோயாளி புலம்பும்போது பக்கத்திலிருந்து தேற்றுபவளும் அவளே. குறள் உழைச்செல்வானை ஒருமையிற் கூறியது ஓர் இனத்தைக் குறித்தற்காம். பேணுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும் என்பதற்காக அன்று. அவ்வொருமையை எண்ணொருமையாகக் கொண்டுவிட்டது பிற்கால வாழ்க்கை.

இனி, உரையாசிரியர் கூறிய நான்கு பண்புகளையே அளவுகோலாகக் கொண்டு பார்ப்பினும் ஓர் உண்மை பெறப்படும். மூன்று இரவு உறங்காதவர் மருத்துவன் சொல்லியதை வழுவாது செய்தல் இயலுமா? காலையிற் கொடுக்க வேண்டிய மாத்திரையை இருமுறை கொடுத்தலும், ஒருமுறையும் கொடாது விடுதலும் களைப்பின் விளைவுகளாம். உண்ணாமல் இருப்பவர்க்கு மெய்யின் வன்மை எங்ஙனம் நிலைக்கும்? எவரிடமும் மனத்துயரைச் சொல்ல வழியற்றவர் வாயிற் கடுஞ்சொல் பிறவாதிருக்குமா? அன்பும் தூய்மையும் வன்மையும் அறிவும் வானத்திலிருந்து விழுவன அல்ல. உறக்கத்தாலும் உணவாலும் துணையாலும் காக்கப்படுவன அவை. எனவே பேணுபவர் மருந்தின் ஒரு கூறு ஆவாராயின், அவரைக் காத்தலும் மருத்துவத்தின் ஒரு கூறே ஆதல் வேண்டும். குறளின் பகுப்பை அதன் முடிவுவரை கொண்டுசெல்வார்க்கு வேறு முடிவு இல்லை.

கதையிலக்கியம் இப்பொருளை எங்ஙனம் கையாண்டது என்பது அடுத்து நோக்கற்பாலது. கண்ணிழந்த தாய்தந்தையரைப் பேணிய மைந்தன் ஒருவனின் கதையை வான்மீகி இராமாயணமும் கம்பராமாயணமும் தயரதன் வாய்மொழியாகக் கூறுகின்றன. நாட்டார் அவனைச் சிரவணன் என்பர். இரவில் நீர் முகக்கச் சென்றவன், யானை நீருண்ணும் ஒலியென்று மயங்கிய தயரதனின் அம்புக்கு இரையாகின்றான். அவன் இறந்ததும் பெற்றோரும் உயிர் விடுகின்றனர். பள்ளிப் பிள்ளைகளுக்கு இக்கதை பெற்றோரைப் பேணும் கடமைக்குச் சான்றாகக் கூறப்படுகின்றது. அது தகுதியே. ஆயினும் கதையின் அமைப்பு மற்றொன்றையும் காட்டுகின்றது. இரு முதியோரின் உயிரும் ஒரே இளைஞனின் தோளில் தொங்கிற்று. அவன் நீர் முகக்கப் போன பொழுதில் அவர்களுக்குப் பக்கத்தில் வேறெவரும் இலர். ஓர் அம்பு மூன்று உயிரைக் கொண்டது. துணையற்ற ஒருவரையே நம்பி நிற்கும் பேணுகை எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொழுநோய்க் கணவனைக் கூடையிற் சுமந்து, அவன் விரும்பிய பரத்தை வீட்டுக்கே கொண்டுசென்றாள் என்று நாட்டில் வழங்கும் நளாயினி கதை, பொறுமையின் எல்லையைக் காட்டப் புகுந்தது. அவளுக்குப் பசித்ததா, தோள் நொந்ததா, மனம் புண்பட்டதா என்று கதை ஓரிடத்தும் கேட்பதில்லை. பேணுபவள் எவ்வளவு தேய்கின்றாளோ அவ்வளவு உயர்ந்தவள் என்னும் அளவுகோல் இக்கதையால் நிலைபெற்றது. இல்லங்களிற் பெண்கள் தம் களைப்பை வாய்விட்டுச் சொல்ல நாணுதற்கு இவ்வளவுகோலும் ஒரு காரணமாம்.

இதற்கு மாறான ஒரு வடிவம் சைவ உலகம் நன்கறிந்த பெரியபுராணத்திலேயே இருக்கின்றது. திருவாமூரிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்த திலகவதியார், பெற்றோரை இழந்தார். மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டதால் அவரையும் இழந்தார். உயிர்விடத் துணிந்தவர், தம்பி மருணீக்கியார் ஆதரவற்றுப் போவாரே என்று கருதி உயிர் தரித்தார். பிற்காலத்தில் அத்தம்பி சமண் சமயம் புகுந்து தருமசேனராய் வாழ்ந்தபோது சூலைநோய் பற்றிற்று. அங்கிருந்தோர் செய்த மந்திரங்களாலும் பீலி தடவலாலும் நோய் தீரவில்லை. அவர் ஏவலாளன் ஒருவனைத் தமக்கையாரிடம் அனுப்பினார். தாம் அங்கு வருவதில்லை என்று திலகவதியார் மறுமொழி விடுத்தார். தம்பியாரே இரவிற் புறப்பட்டுத் திருவதிகை வந்து அவர் அடியில் வீழ்ந்தார்.

திலகவதியாரின் மறுப்புக்குக் காரணம் சமய உறுதி என்பதில் ஐயமில்லை. சேக்கிழார் அவ்வாறே கூறுகின்றார். எனினும் பேணுகையின் நோக்கில் இப்பகுதியைக் கற்பார்க்குச் சேக்கிழார் அமைத்த முறை வியப்புத் தருவதாம். திலகவதியாருக்குத் திருவதிகையில் தமக்கென ஓர் ஒழுங்கு இருந்தது. நாள்தோறும் அலகிடுதல், மெழுகுதல், மாலை தொடுத்தல் என்னும் திருத்தொண்டு அவர் வாழ்வின் அச்சாணி. தம்பியின் நோய் அவ்வச்சைப் பறித்துவிடவில்லை. தம்பி வந்த பின்னும் அவர் செய்தது யாது? திருநீறு கொடுத்தார், திருப்பள்ளியெழுச்சி வேளையில் அலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு வழக்கம்போற் கோயிலுக்குப் புறப்பட்டார், தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். நோயாளியைத் தம் ஒழுங்கினுள் ஏற்றுக்கொண்டாரேயன்றித் தம் ஒழுங்கை நோயினுள் மூழ்கவிட்டாரல்லர். தம்பியின் பொருட்டே உயிர் தரித்த ஒருவர் இங்ஙனம் நடந்துகொண்டமை, அன்பும் எல்லையும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல என்பதைக் காட்டுகின்றது. நளாயினியை எடுத்துக்காட்டிய சொற்பொழிவாளர்கள் திலகவதியாரின் இப்பக்கத்தையும் எடுத்துக்காட்டியிருப்பின், எத்தனையோ இல்லங்களிற் குற்றவுணர்ச்சி குறைந்திருக்கும்.

இக்காலச் சிறுகதையில் இப்பொருளுக்கு உரிய இடத்தை முதன்முதல் ஆழமாக அளித்தவருள் புதுமைப்பித்தன் முதன்மையானவர். 1943ஆம் ஆண்டு வெளிவந்த 'செல்லம்மாள்' என்னும் கதையிற் பேணுபவர் ஆண்மகன். சென்னையில் ஜவுளிக் கடையொன்றிற் சிறு சம்பளத்துக்கு உழைக்கும் பிரமநாயகம் பிள்ளை, நெடுநாள் நோயாளியான மனைவியை ஊரின் ஓரத்தில் ஒரு வீட்டில் வைத்துத் தனியே பேணுகின்றார். சமையலும் அவர் கையில். கடைவேலையும் அவர் கையில். மருந்தும் அவர் கையில். உறவினர் தென்கோடியில் இருக்கின்றனர். கதை மனைவியின் இறப்பிலே தொடங்கிப் பின்னோக்கிச் செல்கின்றது. இறந்த மனைவியின் பக்கத்தில் இருக்கும் கணவரைக் கதறியழும் உருவமாக ஆசிரியர் காட்டவில்லை. ஒரு பெருஞ்சுமை இறங்கிய அமைதியிலே காட்டுகின்றார்.

இவ்வமைதி கண்டு பிரமநாயகம் பிள்ளைக்கு அன்பில்லை என்று கூறுவார் கதையைக் கற்றவரல்லர். அவரது அன்பு கஞ்சியிலும் வெந்நீரிலும் நடந்த நடையிலும் செலவாயிற்று. இறுதியில் அழுவதற்கு வேண்டிய வலிமையும் எஞ்சவில்லை. நளாயினி கதை கேட்க மறந்த கேள்வியைப் புதுமைப்பித்தன் கேட்டார். பேணுபவரின் உள்ளத்திலே துயரும் விடுதலையுணர்ச்சியும் ஒருங்கே எழக்கூடும், அஃது இழிவன்று என்பதை ஒரு நீதியுரையும் கூறாமல் உணர்த்திய இடத்தில் இக்கதையின் பெருமை நிற்கின்றது. ஆயினும் கதை நோயைக் காட்டியதேயன்றி மருந்தைக் காட்டிற்றில்லை. பிள்ளைக்கு ஓர் இரவு உறக்கம் கொடுக்கக்கூடிய இன்னொரு கை அக்கதையில் நிலையாக இல்லை. அக்கையை உண்டாக்குதல் கதையாசிரியரின் கடமையன்று, ஊரின் கடமை.

ஊர் என்னும்போது, இலக்கியத்திற் கண்டதை ஒரு நிலப்பகுதியில் வைத்துப் பார்த்தல் நலம். சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற திருக்கேதீச்சரத்துக்கு அப்பால், பெருநிலத்தோடு ஒரு பாலத்தால் இணைந்து கிடப்பது மன்னார்த் தீவு. அத்தீவிலே மன்னார் நகரை அடுத்துள்ள கடலோரச் சிற்றூர் கீரி. கடற்றொழிலை நம்பிய இத்தகைய ஊர்களில் ஆடவர் இரவிற் கடலுக்குப் போவர். கச்சானும் வாடையும் மாறும் பருவங்களில் வேறு கரைகளுக்குச் சென்று வாடியமைத்துத் தங்குதலும் கடற்றொழிலாளர் வழக்கம். ஆதலின் நோயாளியின் இரவு பெரும்பாலும் பெண்ணின் இரவேயாம். வடபகுதித் தமிழர் வழக்கில் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்வதுண்டு. அவ்வீட்டோடு முதிய பெற்றோரின் பொறுப்பும் சொல்லாமலே அவளிடம் செல்கின்றது. வீட்டுக்கு உறுதி எழுதப்படும். பொறுப்புக்கு உறுதி எழுதப்படுவதில்லை.

முற்காலத்தில் இப்பொறுப்பைப் பங்கிட உடன்பிறந்தாரும் மாமியாரும் அயலாரும் சுற்றியிருந்தனர். போர் அச்சுற்றத்தைச் சிதறடித்தது. 1990ஆம் ஆண்டில் மன்னார் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழர் பலர் படகேறி இராமேசுவரம் சென்றனர். வேறு பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயினர். அவ்வாண்டு நின்ற தலைமன்னார்ப் புகைவண்டி 2015இல் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. பிரிந்த குடும்பங்கள் பல அங்ஙனம் மீண்டும் கூடவில்லை. வெளிநாட்டு மைந்தன் பணம் அனுப்புகின்றான். தொலைபேசியிலே தாயின் முகம் பார்த்து மருந்து கொடுத்தாயிற்றா என்று தங்கையைக் கேட்கின்றான். அவன் அன்பு பொய்யன்று. ஆனால் பணம் வரும் வழியிற் கை வருவதில்லை. தாயைப் புரட்டிப் படுக்க வைக்கும் தங்கையின் முதுகுநோவை அவன் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை.

தொலைவும் ஒரு சுமை. மன்னாரில் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு. எனினும் புற்றுநோய் முதலிய சில நோய்களுக்குத் தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போக வேண்டும். யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவு. கொழும்பு அதனினும் மிக்க தொலைவு. நோயாளியோடு செல்பவர் ஒரு நாட் கூலியை இழக்கின்றார். வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை எண்ணி வருந்துகின்றார். வைத்தியசாலை வாங்கிலே அமர்ந்தபடி இரவைக் கழிக்கின்றார். மருத்துவனின் குறிப்பேட்டில் நோயாளியின் குருதியழுத்தம் எழுதப்படுகின்றது. பக்கத்தில் நிற்பவரின் குருதியழுத்தத்தை எவரும் அளப்பதில்லை.

இஃது ஒரு தீவின் நிலை மட்டுமன்று. இலங்கையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நூற்றுக்கு 6.6 ஆக இருந்தனர், 2012இல் 12.4 ஆயினர். முதியோர் பெருகுகின்றனர், வீட்டிலுள்ள கைகள் குறைகின்றன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிடாதிருத்தல் பிள்ளைகளின் கடமை என்று விதித்தது. பராமரிப்புக் கோரும் பெற்றோர்க்கு ஒரு சபையையும் அமைத்தது. நல்ல சட்டமே. ஆயினும் அதன் நோக்கு முதியோர் உரிமையும் பிள்ளைகளின் கடமையும் ஆகும். கடமையை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் மகளுக்கு உரியது யாது என்பது அதன் நடுப்பொருள் அன்று. பரிமேலழகர் உரையிற் கண்ட இடைவெளி சட்டத்திலும் தொடர்கின்றது.

பிறநாட்டார் இவ்விடைவெளியை உணர்ந்த வரலாறு குறிப்பிடத்தக்கது. பிரித்தானியாவில் மேரி வெப்ஸ்டர் என்னும் கிறித்தவ மதகுரு, முதிய பெற்றோரைப் பேணுதற்காக 1954இல் தம் பணியைத் துறந்தார். 1963இல் அவர் தம்மைப் போன்ற மணமாகாத மகளிரின் நிலையைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். 1965இல் அன்னாருக்கென ஒரு தேசிய மன்றம் தோன்றிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1995இல், பேணுபவர் தமது தேவையையும் தனியே மதிப்பிடுமாறு கேட்கும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் வழங்கிற்று. ஒருத்தி தன் களைப்பை வாய்திறந்து சொன்னமை சட்டமாக மாறிய வரலாறு இது.

மருத்துவ ஆராய்ச்சியும் இதனை உறுதிப்படுத்திற்று. அமெரிக்காவில் மறதிநோயாளரைப் பேணும் குடும்பத்தாருக்கென நான்சி மேஸ், பீற்றர் ரேபின்ஸ் என்போர் 1981இல் எழுதிய நூலின் பெயரே 'முப்பத்தாறு மணி நேர நாள்' என்பது. 1999இல் ஷுல்ஸ், பீச் என்னும் ஆய்வாளர், 66 முதல் 96 வயதுவரையுள்ள கணவன்மாரையும் மனைவிமாரையும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஒரு முடிவை வெளியிட்டனர். நோயுற்ற துணையைப் பேணி, அதனால் மனவழுத்தத்துக்கும் உள்ளானோர், பேணும் பொறுப்பில்லாதாரைவிட 63 வீதம் மிகுதியாக இறப்பு அபாயம் உடையராயிருந்தனர். அவ்வழுத்தத்துக்கு உட்படாமற் பேணியோரிடம் இம்மிகுதி காணப்படவில்லை. கொல்வது பேணுகையன்று, துணையற்ற பேணுகையே என்பது இதனாற் பெறப்படும். திலகவதியாருக்கும் பிரமநாயகம் பிள்ளைக்கும் இடையே இலக்கியம் காட்டிய வேறுபாடும் இதுவே.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். தாய்க்குச் செய்யும் பணிக்கு ஓய்வும் துணையும் கேட்டல் அன்பை வாணிகம் ஆக்குவதாகாதா என்பது அத்தடை. பரிமேலழகர் அன்பைத் தனியே நிறுத்தி அமையவில்லை என்பதே இதற்கு விடை. அன்போடு வன்மையும் அறிவும் வேண்டும் என்றார். அன்பு ஒன்றே போதுமாயின் ஏனைய மூன்றும் கூறவேண்டா. தன்னைப் பேணுதல் தன்னலமாவது, பிறரை மறந்து தன்னைப் பேணும்போது மட்டுமே. பிறரைப் பேணுதற்கு வேண்டிய உடலையும் உள்ளத்தையும் காத்தல் கடமையின் ஒரு பகுதி. மேலும் சோர்ந்த உள்ளத்திலிருந்து பிறக்கும் கடுஞ்சொல்லுக்கு முதற்பலியாவது நோயாளியே. ஆகவே பேணுபவரின் ஓய்வு நோயாளிக்கும் மருந்தாம்.

அவ்வோய்வை உண்டாக்கும் வழிகள் அரியன அல்ல. முன்னுண்டது செரித்தபின் பசித்து அளவறிந்து உண்ணல் வேண்டும் என்று 'மருந்து' அதிகாரம் கூறியதைப் பேணுபவரும் தமக்குக் கூறியதாகக் கொள்ளல் முதலாவது. நோயாளியைத் தூக்கும் முறை, படுக்கைப்புண் வராமற் புரட்டும் முறை ஆகியவற்றைத் தாதியரிடம் கேட்டறிதல் இரண்டாவது. முறையறிதலைச் சரகர் முதலிற் கூறியது காரணமின்றியன்று. கிழமைக்கு ஒரு பகலேனும் பொறுப்பை மற்றொருவர் ஏற்றல் மூன்றாவது. தம் துயரை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லுதலும், உறக்கமின்மையும் வெறுமையும் நீடித்தால் மருத்துவரை நாடுதலும் நான்காவது. வெளிநாட்டு உடன்பிறந்தார் தாய்க்கு அனுப்பும் பணத்தோடு, தங்கைக்கு ஓர் உதவியாளை அமர்த்தும் பணத்தையும் அனுப்புதல் ஐந்தாவது. விடுமுறைக்கு வரும்போது விருந்தினராக வாராமல், இரண்டு கிழமையேனும் தாயின் அறையைத் தாமே ஏற்று, தங்கையை வெளியே அனுப்புதல் அதனினும் சிறந்தது.

தனி வீட்டால் இயலாததை ஊரால் இயற்றலாம் என்பதற்குக் கேரளம் சான்று. கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர் இராசகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலிதணிப்புச் சங்கம், பின்னர் அயலார்களைப் பயிற்றி, நோயாளரின் இல்லங்களுக்கே செல்லும் தொண்டர் அணிகளாக விரிந்தது. அத்தொண்டர் மருத்துவரல்லர், ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும் இல்லத்தரசியருமே. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது. அங்கே உழைச்செல்வான் ஒருவன் அல்லன், ஓர் ஊர்.

மன்னார்க் கரைக்கு இக்கருத்துப் புதியதாயினும், இதன் வடிவம் புதியதன்று. கரைவலை இழுப்பதைக் கண்டோர் இதனை உடனே உணர்வர். கரைவலையை ஒருவர் இழுப்பதில்லை. இரு பக்கக் கயிற்றிலும் பலர் நின்று இழுப்பர். சம்மாட்டியும் தொழிலாளரும் வருவாயைப் பங்கிட்டுக் கொள்வர். வலை வளைக்கும் கரைப்பகுதிக்குப் 'பாடு' என்று பெயர். தமிழில் அச்சொல்லே துன்பத்தையும் உழைப்பையும் குறிக்கும். ஒரே பாட்டில் வலையுடையோர் பலர் இருப்பின் முறைவைத்து வளைத்தலும் உண்டு. கடலில் மீன் பிடிப்பதற்கு முறையும் பங்கும் வகுத்த மக்கள், பாயிற் கிடக்கும் முதியவரைப் பேணுவதற்கும் முறையும் பங்கும் வகுத்தல் அரிதன்று. கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அருகருகே உள்ள தீவிற் சமயம் இதற்குத் தடையாக வேண்டியதில்லை. திருவிழாவுக்கு உபயகாரரை நாள்முறைப்படி அமைக்கும் ஊர்ச்சபைகள், நோயாளி உள்ள வீடுகளுக்கும் அவ்வாறே நாள்முறை அமைக்கலாம்.

கல்லூரிகளுக்கும் இதிற் பங்குண்டு. 950ஆம் குறள் வகுப்பறையிற் கற்பிக்கப்படும்போது, நான்கு கூறுகளின் பெயரைச் சொல்லி மேற்செல்லுதல் போதாது. மாணவருட் சிலர் வீட்டில் உழைச்செல்வாராக இருத்தல் கூடும். பாட்டியைப் பேணும் தாய்க்கு உதவி செய்துவிட்டுத் தாமதமாக வரும் மாணவனையும், படிக்கும் நேரத்தைத் தந்தையின் பாயருகே கழிக்கும் மாணவியையும் அறிந்து ஆதரித்தல் ஆசிரியர் கடன். பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பகுதியை, ஊரிலே பெற்றோரைப் பேணும் குடும்பங்களுக்கு உதவியாளரைப் பயிற்றுவதற்குக் கொடுப்பின், அப்பயன் தம் இல்லங்களுக்கே திரும்பி வரும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை மருத்துவனோடு முடித்திருக்கலாம், முடித்தாரல்லர். நோயாளியின் பக்கத்தில் நிற்பவரையும் ஏனை மூன்றனோடு ஒப்ப வைத்தே முடித்தார். ஒப்ப வைத்தலின் பொருள், ஒப்பப் பேணுதலும் ஆம். நோயாளியைக் காண வருவோர் 'எப்படி இருக்கின்றார்?' என்று அவரைப் பற்றி வினவுதல் வழக்கம். அவ்வினாவை முடித்தபின், கதவருகே நிற்கும் மகளை நோக்கி, 'நீ எப்படி இருக்கின்றாய், பிள்ளை? உண்டாயா? உறங்கினாயா? இன்றிரவு யான் இருக்கின்றேன்' என்று கூறுவார் ஊர்தோறும் தோன்றுவாராயின், அக்குறளின் பொருள் அன்றே நிறைவுறும்.